பதினோரு ஊர் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி:

எனக்கு வயது 59, கணவருக்கு 63. அவர் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. வருகிற செப்டம்பரில் இத்தாலி போவதாக இருக்கிறோம். கையில் 16 இரவுகள். பெரிய நகரங்கள் வேண்டாம், டஸ்கனி, அம்ப்ரியா பக்கத்துச் சின்னச் சின்னப் பழைய ஊர்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. ஆனால் அவர் போட்டிருக்கும் பட்டியலில் 11 ஊர்கள் இருக்கின்றன: லூக்கா, வோல்தேரா, சான் ஜிமிஞ்ஞானோ, சியெனா, மொந்தேபுல்சானோ, பியென்சா, கோர்த்தோனா, பெருஜா, அசிசி, ஓர்வியேத்தோ, சிவிதா தி பாஞ்ஞோரேஜோ. இத்தனை தூரம் போய்விட்டு எதையும் விட்டுவிடக் கூடாது என்கிறார். எனக்கு இடது முழங்காலில் தேய்மானம். சமதரையில் நடப்பேன். படி என்றால், அதுவும் இறங்குவது என்றால், கஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் போன பயணத்தில் பத்து நாளும் அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார், நான் அவர் முதுகைப் பார்த்தபடியே நடந்தேன். திரும்பி வந்து ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்த முறை அப்படி ஆகக் கூடாது. இருவரும் சைவம். காரா, ரயிலா? எந்த ஊரை வைத்துக்கொள்வது, எதை விடுவது? உங்கள் பதில்களை அவரும் படிப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஊர்ப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். “அவர் முதுகைப் பார்த்தபடியே நடந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை விட்டு என்னால் நகர முடியவில்லை. பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இதே வரியை வேறு வேறு வார்த்தைகளில் பல மனைவிகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், சில கணவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்பது, எத்தனை நாளில் எத்தனை ஊர் என்பதைத்தான். பதிலிலேயே பாதி காரணம் வந்துவிடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஊர் மாறும் நாள் எப்படிப் போகும்? காலையில் பெட்டி கட்ட வேண்டும். பத்து, பத்தரைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். நிலையம் போய், ரயில் ஏறி, நடுவில் பேருந்துக்கு மாறி, மலை மேல் இருக்கும் அடுத்த ஊருக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். அங்கே அறை இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பெட்டிக்கு ஓர் இடம் தேட வேண்டும். குறைத்துச் சொன்னாலும் ஐந்து மணி நேரம். பதினோரு ஊர் என்றால் பத்து மாற்றம், 50 மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தில் கணக்கிட்டால் மூன்றரை நாள் பெட்டியோடு போய்விடும். அந்த மூன்றரை நாளும் உங்கள் முழங்காலுக்கு மிக மோசமான நாட்கள், அவர் முன்னால் நடக்கும் நாட்களும் அவைதாம். ரயிலைப் பிடிக்க வேண்டுமே, வேறென்ன செய்வார்?

இன்னொரு நஷ்டம் கணக்கில் தெரியாது. இந்த ஊர்களுக்குப் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஒரு முகம், மாலை ஐந்துக்கு மேல் வேறொரு முகம். சான் ஜிமிஞ்ஞானோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே 72 கோபுர வீடுகள் இருந்தன, இன்று நிற்பவை 14. அவற்றைப் பார்க்க ஃபுளோரன்ஸிலிருந்தும் சியெனாவிலிருந்தும் வரும் கூட்டம் நண்பகலில் அந்த ஒற்றைத் தெருவை அடைத்துக்கொள்ளும். மாலையில் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று ஓடுகிறவர்கள் எப்போதும் நண்பகல் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மாலை முகம் தெரியும் நேரத்தில் களைத்துப்போய் அறையில் படுத்திருப்பார்கள்.

இத்தாலியில் மாலை நடைக்கென்றே ஒரு சொல் இருக்கிறது, பாஸெஜ்ஜாத்தா. வேலை முடிந்து, முகம் கழுவி, நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு, ஊரின் முக்கியத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவார்கள். தெரிந்தவர்களைக் கண்டால் நிற்பார்கள். பேசுவார்கள். திரும்பி அதே தெருவில் வருவார்கள். எண்பது வயதுத் தம்பதிகள் கைகோத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். யாருக்கும் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. அந்த வேகத்தில் உங்கள் முழங்காலும் அவர் கால்களும் தானாகவே ஒத்துப்போகும். நீங்கள் இருவரும் இத்தனை தூரம் போவது இந்த ஒரு மணி நேரத்துக்காக என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றிப் போடலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. நானும் என் மனைவியும் முதன்முதலில் அந்தப் பக்கம் போனபோது 12 நாளில் ஒன்பது ஊர் பார்த்தோம். இன்று இருவரும் உட்கார்ந்து பேசினால் அவற்றில் எட்டு ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஓர்வியேத்தோ மட்டும் தெளிவாக நிற்கிறது. ரயில் வேலைநிறுத்தத்தால் அங்கே இரண்டு இரவுகள் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. நான்காம் நாள் காலை வழக்கமான காபிக் கடைக்குள் நுழைந்தோம், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே எங்களுடைய இரண்டு கப்பும் மேடைக்கு வந்துவிட்டன. என் மனைவி அன்றைக்கு அழுதேவிட்டாள். அதன் பிறகு நான் யாருக்குமே ஓர் ஊருக்கு நான்கு இரவுக்குக் குறைத்துத் திட்டம் போட்டதில்லை.

ஆகவே என் யோசனை: லூக்கா ஐந்து இரவு, ஸ்போலெத்தோ ஐந்து இரவு, ஓர்வியேத்தோ ஐந்து இரவு, விமானத்துக்கு முந்தைய இரவு ரோம். ஸ்போலெத்தோ உங்கள் கணவரின் பட்டியலில் இல்லை. அதைச் சேர்த்ததற்குக் காரணம் உங்கள் முழங்கால். விமான டிக்கெட்டை பீசாவிலோ ஃபுளோரன்ஸிலோ இறங்கி ரோமிலிருந்து திரும்புவதுபோல் எடுங்கள். மல்டி சிட்டி என்று கேட்டால் தெரியும். போன வழியே திரும்பி வரும் ஒரு நாள் அதில் மிச்சம்.

லூக்காவிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீண்ட விமானப் பயணத்தின் களைப்போடு முதல் நாளே மலை ஏறக் கூடாது. டஸ்கனியில் பேர்பெற்ற பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. லூக்கா சமதரையில் இருக்கிறது. ஊரைச் சுற்றி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய கோட்டை மதில் ஒரு கல் குறையாமல் நிற்கிறது. சுற்றளவு 4.2 கிலோமீட்டர். மதில் என்றால் ஆள் நிற்கும் அகலம் என்று நினைக்க வேண்டாம், மேலே இரு பக்கமும் மரங்கள் நிற்கும் ஒரு சாலையே ஓடுகிறது. பகையைத் தடுக்கக் கட்டிய அந்த மதில் கடைசியில் தடுத்தது வெள்ளத்தைத்தான். 1812-இல் செர்க்கியோ ஆறு பெருகியபோது வாயில்களை அடைத்து ஊரைக் காப்பாற்றினார்கள். பிறகு அதையே பூங்காவாக்கிவிட்டார்கள். ஏறுவதற்குச் சரிவுப் பாதைகள் உண்டு. வழியெங்கும் பெஞ்சுகள். நீங்கள் கால் பங்கு நடந்து உட்காரலாம், அவர் ஒரு சுற்று முழுவதும் போய் உங்களிடமே வந்து சேரலாம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. மருத்துவர் சம்மதித்தால் நீங்களும் மிதிக்கலாம், ஏற்றமே கிடையாது.

அங்கே உங்கள் கணவருக்கென்று குயினீஜி கோபுரம் இருக்கிறது. 230 படிக்கு மேல். உச்சியில் ஓக் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன, கீழேயிருந்தே தெரியும். நீங்கள் அந்த நேரத்தில் ஆம்ஃபிதியேட்டர் சதுக்கத்தில் இருங்கள். ரோமானியர் காலத்து அரங்கத்தின் மேலேயே வீடுகளைக் கட்டிக்கொண்டதால் சதுக்கம் முட்டை வடிவத்தில் இருக்கும். இசையமைப்பாளர் புச்சினி 1858-இல் பிறந்த வீடும் ஊருக்குள்தான், இப்போது அருங்காட்சியகம். சாய்ந்த கோபுரத்தைப் பார்க்காமல் வந்தோமே என்ற ஏக்கம் அவருக்கு வந்தால் பீசாவுக்கு ரயிலில் அரை மணி நேரம். சென்ட்ரல் வரை போக வேண்டாம், அதற்கு முன்பே பீசா சான் ரொஸ்ஸோரேயில் இறங்குங்கள். கோபுரம் அங்கிருந்து கொஞ்ச நடைதான், அதுவும் சமதரை.

ஸ்போலெத்தோவுக்கு மாறும் நாள்தான் பயணத்திலேயே நீளமானது. லூக்காவிலிருந்து ஃபுளோரன்ஸ், அங்கிருந்து பெருஜா, அசிசி வழியாக ஃபொலீஞ்ஞோ, அங்கே மாறினால் ஸ்போலெத்தோ. அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். திராசிமேனோ ஏரிக்கரையோடு ரயில் ஓடும், ஜன்னல் ஓரம் உட்காருங்கள். ஸ்போலெத்தோ செங்குத்தான மலையூர்தான். ஆனால் அங்கே அடிவாரத்து வாகன நிறுத்தங்களிலிருந்து மேல் ஊர் வரை மலைக்கு உள்ளேயே எஸ்கலேட்டர்களும் நகரும் நடைபாதைகளும் லிஃப்ட்டுகளும் போட்டிருக்கிறார்கள். உச்சியில் இருக்கும் கோட்டை வரை ஒரு படி ஏறாமல் போய்விடலாம். கோட்டையைச் சுற்றி ஒரு பாதை போகிறது. அதில் ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி நிற்கும் ‘கோபுரப் பாலம்’ தெரியும், தண்ணீர் கொண்டுவரக் கட்டியது, உயரம் ஏறக்குறைய 80 மீட்டர். பேராலயத்தில் பீடத்துக்குப் பின்னால் மரியாளின் வாழ்க்கையைச் சுவரோவியமாகத் தீட்டியவர் ஃபிலிப்போ லிப்பி. 1467-இல் தொடங்கினார், 1469-இல் இதே ஊரில் இறந்தார், கல்லறையும் இதே ஆலயத்தில்தான். ஆலயச் சதுக்கத்துக்கு அகலமான படிகள் இறங்கும். உங்களுக்கு அது சிரமம் என்றால் பக்கத்துச் சந்துகள் வழியாகச் சரிவாக வருவதற்கு வழி கேளுங்கள்.

இங்கிருந்து அசிசி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது, ஊர்ப் பேருந்து மேலே கூட்டிப்போகும். பேராலயத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நீங்கள் இறங்கிவிடுங்கள். 1228-இல் கட்டத் தொடங்கிய புனித பிரான்சிஸ் பேராலயத்தின் கீழ்த்தளம், மேல்தளம் இரண்டையும் பார்த்தாலே அரை நாள் போய்விடும். அவர் மேலே பழைய கோட்டை வரை ஏறி வரட்டும். இன்னொரு நாள் பெருஜா. அங்கே நிலையத்திலிருந்து மினிமெத்ரோ என்ற குட்டி ரயில் மேல் ஊருக்கு ஏறும். அதோடு ரொக்கா பவுலீனா என்ற பழைய கோட்டையின் எஸ்கலேட்டர்களில் ஒரு முறை போய்வாருங்கள். 1540-இல் போப்பை எதிர்த்து ஊர் எழுந்தது, தோற்றது. வென்ற போப் மூன்றாம் பால் ஒரு பகுதியின் வீடுகளையும் தெருக்களையும் அப்படியே அடித்தளமாக்கி அவற்றின் மேல் கோட்டை கட்டினார். இன்று எஸ்கலேட்டர் அந்தப் புதைந்த தெருக்களின் நடுவேதான் போகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இப்படி ஒரு வழி வேறெங்கே கிடைக்கும்!

கடைசியாக ஓர்வியேத்தோ. ஸ்போலெத்தோவிலிருந்து ஓர்த்தே என்ற நிலையத்தில் மாறினால் போதும். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை மேடையின் மேல் ஊர், கீழே ரயில் நிலையம். நிலையத்து வாசலிலேயே கம்பி இழுக்கும் மலை ரயில் நிற்கும். 1888-இல் தண்ணீரின் எடையால் ஓடத் தொடங்கியது, இப்போது மின்சாரம். மேலே போய்ச் சேரச் சில நிமிடங்களே ஆகும். அங்கிருந்து பேராலயச் சதுக்கத்துக்குச் சிறிய பேருந்து உண்டு.

மலை ரயில் மேலே நிற்கும் இடத்தின் பக்கத்தில்தான் புனித பேட்ரிக் கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளமென்ட் இந்த ஊருக்குத் தப்பி வந்தார். முற்றுகை வந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று பாறையைக் குடைந்து 50 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் கிணறு தோண்டச் சொன்னார். வேலை முடிய 1537 ஆனது. அதில் இரண்டு சுருள் படிக்கட்டுகள். இறங்க ஒன்று, ஏற ஒன்று, ஒவ்வொன்றிலும் 248 படி. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. நீங்கள் இறங்கவே வேண்டாம். அவர் போகட்டும், அரை மணி நேரம் ஆகும். கிணற்றுக்கு அடுத்தாற்போல் பழைய கோட்டைக்குள் ஒரு தோட்டம் இருக்கிறது. பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும். நிழலில் பெஞ்சு பார்த்து உட்காருங்கள். மூச்சு வாங்க அவர் மேலே வரும்போது கிணற்றைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒரு கதை இருக்கும், பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒன்று இருக்கும்.

இதையே எல்லா நாளுக்கும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அவர் தனி, நீங்கள் தனி. கோபுரம், கோட்டை, படி எல்லாம் அந்த நேரத்தில் அவர் பாடு. சந்தை, தேவாலயம், சதுக்கத்து நாற்காலி உங்கள் பாடு. பன்னிரண்டு மணிக்கு ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள், இடையில் போன் வேண்டாம். மாலை நடை மட்டும் கட்டாயம் சேர்ந்து, உங்கள் முழங்காலின் வேகத்தில். தம்பதி பயணம் என்றாலே நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் பிரிந்திருந்தவர்களுக்குத்தான் மதியச் சாப்பாட்டில் பேச ஏதாவது இருக்கிறது. இதை நான் பல ஜோடிகளிடம் பார்த்துவிட்டேன்.

ஓர்வியேத்தோவில் பேராலயத்தின் முகப்பை மட்டும் சாயங்காலம் பாருங்கள். அது மேற்குப் பார்த்தது, இறங்கு வெயில் பட்டால் தங்க மொசைக் பற்றி எரிவதுபோல் இருக்கும். 1290-இல் தொடங்கிய கட்டடம். எதிரே சுவரோரம் நீளமாகக் கல் திண்ணை உண்டு.

சிவிதாவை விட வேண்டாம். ஓர்வியேத்தோவிலிருந்து பாஞ்ஞோரேஜோவுக்குப் பேருந்து போகிறது, ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், அதனால் திரும்பும் நேரத்தை முதல் நாளே குறித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். களிமண் குன்று கரைந்து கரைந்து, ஊர் தனித் தீவுபோல் மேலே நிற்கிறது. உள்ளே போக நடைபாலம் ஒன்றே வழி. அதன் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், திரும்பும்போது அதே அளவு இறக்கம். அன்றைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பாலத்துக்கு எதிரே உள்ள மேட்டிலிருந்து தெரியும் காட்சிதான் நீங்கள் படங்களில் பார்த்தது. அங்கேயே இருந்துவிட்டாலும் குறையில்லை.

ஐயா, இப்போது உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் பட்டியல் தவறான பட்டியல் இல்லை. அந்தப் பதினோரு ஊருமே போக வேண்டியவைதான். வேலையில் இருந்த வருடங்களில் விடுப்பு எண்ணி எண்ணிப் பயணம் போனவர்களுக்கு, இதை விட்டால் இனி எப்போது என்ற பதற்றம் சுலபமாகப் போகாது. அது எனக்குப் புரிகிறது. என் திட்டத்தில் உங்கள் பதினொன்றில் ஐந்து ஊர் வந்துவிடுகிறது, அதோடு ஸ்போலெத்தோவும். போகாத ஊர்களில் சான் ஜிமிஞ்ஞானோ, வோல்தேரா, பியென்சா மூன்றும் ரயில் போகாத ஊர்கள், மொந்தேபுல்சானோவின் நிலையமோ ஊரிலிருந்து வெகு தள்ளி இருக்கிறது. பேருந்து நேரத்துக்குக் காத்திருந்தே பாதி நாள் போகும். அப்படியும் கோபுர ஊரை விட மனம் வரவில்லை என்றால் ஒன்று செய்யலாம். ஸ்போலெத்தோவை எடுத்துவிட்டு அந்த ஐந்து இரவையும் சியெனாவுக்குக் கொடுங்கள். அங்கிருந்து சான் ஜிமிஞ்ஞானோவுக்குப் பேருந்து இருக்கிறது, பிறகு கியூசியில் மாறி ஓர்வியேத்தோவுக்கு ரயிலில் போகலாம். சியெனாவின் தெருக்கள் ஏற்ற இறக்கமானவை. உங்கள் மனைவிக்கு அது கஷ்டம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இருவருமாக முடிவு செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து நான்கு ஊராக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கார் வேண்டாம். இந்த ஊர்களின் பழைய பகுதிகளுக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை. வட்டப் பலகையும் கேமராவும் இருக்கும், காவலர் யாரும் நிறுத்த மாட்டார்கள். அபராதக் கடிதம் பல மாதம் கழித்து, வாடகைக் கார் நிறுவனம் பிடிக்கும் கட்டணத்தோடு சேர்ந்து, வீட்டு முகவரிக்கு வரும். ஒருவர் ஓட்ட, மற்றவர் வழி சொல்ல, தெரியாத ஊரில் இருட்டும் நேரத்தில் நிறுத்த இடம் தேடுவதைப்போல் தம்பதிகளைச் சோதிப்பது வேறில்லை.

நான் சொன்ன மாற்றங்கள் பெரும்பாலும் ரெஜியொனாலே என்ற மாகாண ரயில்களிலேயே முடியும். அவற்றின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. முன்பே வாங்கினாலும் அன்றைக்கே வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது. அதனால் பயண நாளை மாற்றிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். வேலைநிறுத்தம் என்றால் முன்பே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட மாகாண ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்பது விதி. சிறு நிலையங்களில் நடைமேடை மாறச் சுரங்கப் படிகள் இருக்கும், லிஃப்ட் எல்லா இடத்திலும் இருக்காது. ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். ஐந்து இரவு தங்குவதால் துணியைத் துவைத்துக்கொள்ளலாம்.

அறை எடுக்கும்போது மதிலுக்குள் எடுங்கள். மதியம் ஒன்று, ஒன்றரைக்கு மேல் இந்த ஊர்களில் பல கடைகள் மூடிவிட்டு மூன்றரை, நான்குக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் நடந்தே அறைக்கு வந்து காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும், முழங்காலுக்கு அதுதான் மருந்து. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருப்பது அரிது, எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். ‘பிரிமோ பியானோ’ என்றால் தரைத்தளம் இல்லை, ஒரு மாடி ஏற வேண்டும். தரைத்தளம் ‘பியானோ தெர்ரா’.

சைவம் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் மூன்று விஷயம். சூப்புகளில் இறைச்சி வேகவைத்த நீர் சேர்ப்பது உண்டு, லூக்கா பக்கத்து ஃபார்ரோ கோதுமை சூப் உட்பட, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்கிறது. அது உங்களுக்கு ஆகாது என்றால் ‘சென்சா ஃபொர்மாஜ்ஜோ’, பாலாடைக்கட்டி இல்லாமல், என்று சொல்லுங்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது கஷ்டம். மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுப்பவர்கள் அதற்குத் தக்கபடி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். மாத்திரைகளின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைப்பெயர் அங்கே உதவாது. நடைக்கோல் ஒன்று கொண்டுபோங்கள், இறக்கத்தில் முழங்காலின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் செப்டம்பர் 13 மாலை நீங்கள் லூக்காவில் இருக்கும்படி பாருங்கள். அன்றைக்குத் திருச்சிலுவைத் திருவிழாவின் ஒளி ஊர்வலம். ஜன்னல் விளிம்புகளிலும் கட்டட முகப்புகளிலும் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை ஏற்றி வைத்திருப்பார்கள். சான் ஃப்ரெதியானோ தேவாலயத்திலிருந்து சான் மார்த்தினோ பேராலயம் வரை மக்கள் மெழுகுவர்த்தியோடு மெல்ல நடப்பார்கள். முழுவதும் சமதரை. ஆனால் அந்த வாரத்து அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே மற்ற எதையும் தொடும் முன், இன்றைக்கே இருவரும் உட்கார்ந்து, செப்டம்பர் 11-லிருந்து ஐந்து இரவுக்கு லூக்காவில் தரைத்தளத்து அறை ஒன்றைப் பிடித்துவிடுங்கள்.